குழின்னா எத்தனை சதுர அடி? ஃபேக்டரி சாஃப்ட்வேருக்கெல்லாம் பொதுவா ஒரு ஆன்டாலஜி எதுக்குன்னு ஒரு விளக்கம்

பாகூர் பக்கம் ஒருத்தர் 100 குழி நிலம் விக்கறார், வாங்க வர்றவர் தஞ்சாவூர்க்காரர்னு வெச்சுக்குவோம். புதுச்சேரி கணக்குல ஒரு குழி 24க்கு 24, அதாவது 576 சதுர அடி. டெல்டா கணக்குல 12க்கு 12, அதாவது 144. 100 குழின்னு சொன்னதும் விக்கறவர் மனசுல ஓடறது 57,600 சதுர அடி, ஒரு காணி. வாங்கறவர் மனசுல ஓடறது 14,400 சதுர அடி, ஒரு மா. ரெண்டு பேரும் பொய் சொல்லல, ரெண்டு பேரும் தமிழ்லதான் பேசறாங்க, எழுத்து ஒன்னு, உச்சரிப்பு ஒன்னு, ஆனா நடுவுல சரியா 4 மடங்கு வித்தியாசம் உக்காந்திருக்கு. நேர்ல பேசறப்போ பெரியவங்க யாராவது "எந்த ஊர் குழிப்பா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுவாங்க, பிரச்சனை முடிஞ்சுது. கம்ப்யூட்டர் அந்தக் கேள்விய கேக்காது. குழின்னு ஒரு காலம் (டேபிள்ல மேலிருந்து கீழ வர்ற column) இருக்கா, 100ன்னு ஒரு நம்பர் இருக்கா, எடுத்துக்கிட்டுப் போயிடும்.

டிஜிட்டல் மேனுஃபேக்சரிங், டிஜிட்டல் ட்வின் (மெஷினோட கம்ப்யூட்டர் நகல்), ப்ராடக்ட் பாஸ்போர்ட் (ஒரு பொருளோட விவரத்த வெச்சிருக்கற டிஜிட்டல் பதிவு)னு இப்போ வர்ற செய்திகள்ல எல்லாம் நடுவுல 'ஷேர்ட் ஆன்டாலஜி'ன்னு ஒரு சொல் வந்து நிக்குது, படிக்கறவங்க பாதி பேர் அந்த இடத்தத் தாண்டிப் போயிடறாங்க. அந்தச் சொல்லுக்குப் பின்னாடி இருக்கறது இந்தக் குழி விவகாரம்தான்.

பிரச்சனை ஒயர்ல இல்ல

மெஷின்ல இருந்து டேட்டா எடுக்கறது இப்போ பெரிய வித்தையே இல்ல. ஓபிசி யுஏன்னு ஒரு முறை இருக்கு, ஐஇசி 62541ங்கற சர்வதேச ஸ்டாண்டர்டு, புது பிஎல்சி (மெஷின ஓட்டற கன்ட்ரோலர்) பலதுல அது வாங்கும்போதே வருது. சிஎன்சிக்குன்னு (கம்ப்யூட்டர் ஓட்டற கடைசல், மில்லிங் மெஷின்) எம்டிகனெக்ட்னு ஒரு முறை இருக்கு. டிசைன் ஃபைல ஒரு கேட் (கம்ப்யூட்டர்ல டிசைன் வரையற) சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொன்னுக்கு மாத்த ஸ்டெப் ஃபைல் இருக்கு, ஐஎஸ்ஓ 10303, 1994லேயே முதல் பாகங்கள் வந்தாச்சு. ஆக நம்பர் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு ஒழுங்கா போய்ச் சேருது. போய்ச் சேர்ந்த நம்பருக்கு என்ன அர்த்தம்ங்கறதுலதான் சிக்கல்.

புதுச்சேரி சேதராப்பட்டுல ஒரு மெஷினிங் ஷாப்னு வெச்சுக்குவோம். ஒரு ஷிஃப்ட் 480 நிமிஷம். சாப்பாடு, டீ சேர்த்து 40 நிமிஷம். ஜாப் மாத்தி செட்டிங் பண்ண 60 நிமிஷம். நடுவுல மெஷின் பிரேக்டவுன் 30 நிமிஷம். இப்போ ஒரே ஒரு கேள்வி: மெஷின் எத்தனை பர்சென்ட் நேரம் ஓட்டத்துக்குத் தயாரா இருந்துச்சு?

1. பிரேக்டவுன் மட்டும்தான் டவுன்டைம், சாப்பாட்டு நேரம் கணக்குலயே வராதுன்னு சொன்னா: 440ல 410. 93 பர்சென்ட்.
2. செட்டிங்கும் டவுன்டைம்தான்னு சொன்னா: 440ல 350. சுமார் 80 பர்சென்ட்.
3. மெஷின் நின்னா நின்னதுதான், டீயாவது சாப்பாடாவதுன்னு சொன்னா: 480ல 350. 73 பர்சென்ட்.

அதே மெஷின், அதே நாள், அதே ஆப்பரேட்டர். கஸ்டமர் கம்பெனியோட டேஷ்போர்டுல பத்து சப்ளையர் பேர் வரிசையா இருக்கும், 93 போட்டவர் மேல, 73 போட்டவர் கீழ. நேர்மையா எழுதினவர் கீழ போயிட்டார், அவ்ளோதான். டேட்டா தப்பில்ல, கணக்கும் தப்பில்ல, 'டவுன்டைம்'ங்கற வார்த்தைக்கு மூணு பேர் மூணு அர்த்தம் வெச்சிருக்காங்க, அத யாரும் எங்கயும் எழுதி வெக்கல.

இது ஷாப் ஃப்ளோர்ல மட்டும் நடக்கற கூத்து இல்ல. 1999 செப்டம்பர்ல நாசாவோட மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய் கிரகம் வரைக்கும் போய் தொலைஞ்சது எதனாலன்னா, அத கட்டின லாக்ஹீட் மார்ட்டின் கம்பெனி பக்கத்து சாஃப்ட்வேர் பவுண்டு கணக்குல நம்பர் குடுத்துச்சு, வாங்கின பக்கம் அத நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்கிச்சு. வித்தியாசம் 4.45 மடங்கு. நம்ம குழிக்கு 4 மடங்கு, அவங்களுக்குக் கொஞ்சம் கூட! அதே வருஷம் அமெரிக்காவோட நிஸ்ட்ங்கற ஸ்டாண்டர்டு அமைப்புக்காக ஒரு ஆய்வு வந்துச்சு, கார் கம்பெனிகளும் அவங்க சப்ளையர்களும் ஒருத்தர் டேட்டாவ இன்னொருத்தர் சரியா எடுத்துக்க முடியாததால மட்டும் வருஷத்துக்குக் குறைஞ்சது 100 கோடி டாலர் வீணாகுதுன்னு கணக்குப் போட்டாங்க.

சரி, ஆன்டாலஜின்னா என்ன?

தத்துவத்துல இருந்து வந்த சொல். உலகத்துல என்னென்ன இருக்கு, அதெல்லாம் எந்தெந்த வகைன்னு பேசற படிப்பு. அத கம்ப்யூட்டர் ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க, 1993ல டாம் க்ரூபர்ங்கறவர் குடுத்த விளக்கம்தான் இன்னிக்கும் எல்லாரும் சொல்றது: ஒரு துறைய நாம மனசுல எப்படிப் பிரிச்சு வெச்சிருக்கோமோ, அத வெளிப்படையா எழுதி வெக்கறது. தமிழ்ல 'பொருள்'னு ஒரே சொல் வஸ்துவையும் குறிக்குது, அர்த்தத்தையும் குறிக்குது. ஆன்டாலஜி அந்த ரெண்டையும் சேர்த்துக் கட்டற வேலைதான்.

படி படியா பார்த்தா சுலபம்.

1. முதல் படி சொல் பட்டியல். எக்ஸெல்ல ஒரு ஷீட்டு, இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் விளக்கம். மனுஷங்களுக்குப் போதும்.

2. ரெண்டாவது படி வகைப்பாடு. ஜிஎஸ்டி பில்லுல போடற எச்எஸ்என் கோட் இதுக்கு நல்ல உதாரணம். முதல் 2 இலக்கம் பெரிய வகை, அப்புறம் 4, அப்புறம் 6, நம்ம நாட்டுல 8 வரைக்கும் போகும். இது எதுக்குள்ள எது அடங்கும்னு சொல்லும். ஆனா இந்த போல்ட்டு அந்த பம்புல ஒரு பாகம், இந்த ஸ்டீல இந்த ஃபர்னஸ்ல சூடு பண்ணாங்கன்னெல்லாம் எச்எஸ்என்னால சொல்ல முடியாது. அதுக்கு அடங்கும்ங்கற ஒரே உறவுதான் தெரியும்.

3. மூணாவது படிதான் ஆன்டாலஜி. இங்க உறவுகளுக்கும் பேர் உண்டு, விதியும் உண்டு. "ஸ்பிண்டில் 7, சிஎன்சி 3ல ஒரு பாகம்", "சிஎன்சி 3, லைன் 2ல ஒரு பாகம்"னு ரெண்டு வாக்கியம் எழுதி, 'பாகம்'ங்கற உறவு மேல மேல தொடரும்னு ஒரு விதியும் எழுதிட்டா, ஸ்பிண்டில் 7 லைன் 2ல இருக்குன்னு யாரும் எழுதாமலே மெஷின் தானே தெரிஞ்சுக்கும். இத எழுத, இணையத்துக்கு ஸ்டாண்டர்டு போடற டபிள்யு3சி அமைப்பு ஓடபிள்யுஎல்னு ஒரு மொழி வெச்சிருக்கு, 2004ல வந்துச்சு, 2009ல ரெண்டாவது பதிப்பு.

இங்க ஒரு குழப்பம் வழக்கமா வரும். இது டேட்டாபேஸ் இல்ல, டேட்டாபேஸுக்கு பதிலும் இல்ல. உங்க இஆர்பி (கணக்கு, ஸ்டாக், ஆர்டர் பாக்கற சாஃப்ட்வேர்) அப்படியே ஓடும், அதுல இருக்கற காலம் ஒவ்வொன்னும் எதக் குறிக்குதுன்னு மேல உக்காந்து சொல்ற அடுக்கு இது.

திணை வழு மாதிரி ஒரு செக்கிங்

"மாடு வந்தான்"னு எழுதினா ஆறாங்கிளாஸ் பையன் கூட தப்புன்னு சொல்லிடுவான். அஃறிணைக்கு உயர்திணை முடிவு போட்டா அது திணை வழு. கவனிச்சுப் பார்த்தா இது வெறும் இலக்கண விதி இல்ல, உலகத்த ரெண்டா பிரிச்சுட்டு, ரெண்டுலயும் ஒன்னா எதுவும் இருக்க முடியாதுன்னு நம்ம மொழி போட்ட கட்டளை. ஆன்டாலஜி செய்யறதும் அதுதான்.

ஃபேக்டரிக்குள்ள மேல்மட்டப் பிரிவு எதுன்னா, 'இருக்கறது' ஒரு பக்கம், 'நடக்கறது' ஒரு பக்கம். மெஷின், பார்ட், ஆயில் டேங்க் எல்லாம் இருக்கறது. கடைசல், சூடுபடுத்தறது, இன்ஸ்பெக்ஷன் எல்லாம் நடக்கறது. இது ரொம்ப சாதாரணமா தெரியலாம், ஆனா நாம பேசற விதத்தப் பாருங்க: "கோட்டிங் 40 மைக்ரான் இருக்கு"ன்னு சொல்றோம், "கோட்டிங் ரெண்டு மணி நேரம் ஆகும்"னும் சொல்றோம். முதல்ல சொன்னது பார்ட் மேல ஒட்டியிருக்கற படலம், ரெண்டாவது பூசற வேலை. "வெல்டிங் சரியில்ல"ன்னு சூப்பர்வைசர் சொன்னா ஜாயிண்ட் சரியில்லையா, பண்ற முறை சரியில்லையா? அங்க நிக்கறவங்களுக்கு முகத்தப் பார்த்தே புரியும். சாஃப்ட்வேர்ல ரெண்டையும் 'வெல்டிங்'னு ஒரே டேபிள் காலத்துல போட்டு வெச்சா, ஆறு மாசம் கழிச்சு ரிஜெக்ஷன் ரிப்போர்ட் எடுக்கும்போது எது எதுன்னே தெரியாது. ஆன்டாலஜியில தடிமன் இருக்கறதுக்குத்தான் உண்டு, நேரம் எவ்ளோ பிடிக்கும்ங்கறது நடக்கறதுக்குத்தான் உண்டுன்னு எழுதிட்டா, நடக்கற வேலைக்கு யாராவது மைக்ரான் போட்டா 'ரீசனர்'னு சொல்ற ப்ரோக்ராம் இது வழுன்னு காட்டிக் குடுத்துடும்.

ஒரு எச்சரிக்கை. எழுதாதத இல்லைன்னு எடுத்துக்கற பழக்கம் டேட்டாபேஸுக்கு உண்டு, ஓடபிள்யுஎல்லுக்குக் கிடையாது. ஒரு ஸ்டீல் ராடுக்கு ஹீட் நம்பர் (எந்த உருக்கல்ல வந்ததுங்கற நம்பர்) போடலன்னா, "இருக்கலாம், எனக்குத் தெரியல"ன்னு பேசாம இருந்துடும். கட்டாயம் போட்டே ஆகணும்னா அதுக்குத் தனியா ஷேக்கிள்னு இன்னொரு மொழி, 2017ல வந்துச்சு, அதுல விதி எழுதணும். இத தெரியாம ஆன்டாலஜி போட்டாச்சு, இனி டேட்டா சுத்தமாயிடும்னு நம்பறவங்க ஏமாந்துதான் போவாங்க.

ஒரே பொருள், வேஷம் வேற

நெய்வேலி அனல்மின் நிலையத்துல பழுப்பு நிலக்கரி எரிஞ்சு சாம்பல் வருது. மின் நிலையக் கணக்குல அது கழிவு. சிமெண்ட் கம்பெனிக்கும் ஃப்ளை ஆஷ் செங்கல்காரருக்கும் அது மூலப்பொருள். அந்த நிலக்கரியே சுரங்கத்துக்கு விக்கற சரக்கு, கொதிகலனுக்கு எரிபொருள். கடலூர் சிப்காட் மாதிரி கெமிக்கல் யூனிட்டுங்க பக்கத்துல பக்கத்துல இருக்கற எந்த எஸ்டேட்டுலயும் இதே கதைதான் நடக்கும், ஒரு ப்ளாண்டோட பை ப்ராடக்ட் அடுத்த ப்ளாண்டுக்கு ரா மெட்டீரியல்.

சாம்பல 'கழிவு'ங்கற வகைக்குக் கீழ நிரந்தரமா போட்டுட்டா, செங்கல்காரரோட சாஃப்ட்வேர் அத வாங்கற சரக்கா ஏத்துக்காது. அதனால நல்ல ஆன்டாலஜியில சாம்பல் சாம்பல்தான், கழிவுங்கறதும் மூலப்பொருள்ங்கறதும் அது ஏத்துக்கற வேஷம், ரோல். சூழ்நிலை மாறினா வேஷம் மாறும், பொருள் மாறாது. என் கணிப்புல இந்த ஒரு பிரிவினைய மட்டும் சரியா செஞ்சாலே சப்ளை செயின் டேட்டா குழப்பத்துல பெரும்பங்கு தீர்ந்துடும். சப்ளையர், கஸ்டமர் எல்லாமே ரோல்தான், நேத்து நமக்கு ஜாப் ஒர்க் குடுத்த கம்பெனி இன்னிக்கு நமக்கே ஜாப் ஒர்க் பண்ணித் தர்றது ஊருக்குள்ள சகஜம். சாஃப்ட்வேர்ல பார்த்தா அவங்க வெண்டார் மாஸ்டர்ல ஒரு தடவை, கஸ்டமர் மாஸ்டர்ல ஒரு தடவைன்னு ரெண்டு ஆளா இருப்பாங்க.

'பொது'ங்கற வார்த்தைதான் கஷ்டமே

ஆன்டாலஜி எழுதறது ஒன்னும் புதுசில்ல, ஒவ்வொரு பெரிய கம்பெனியும் ஒவ்வொரு ஆராய்ச்சிக் குழுவும் தனித்தனியா எழுதித் தள்ளியிருக்காங்க. அதுவே வினையாப் போச்சு. சாஃப்ட்வேருங்க ஒன்னோட ஒன்னு பேசலன்னு ஆன்டாலஜி கொண்டு வந்தாங்க, இப்போ ஆன்டாலஜிங்க ஒன்னோட ஒன்னு பேசல.

கணக்கு இதுதான். 10 சாஃப்ட்வேர் இருந்தா ஒன்னுக்கொன்னு நேரடி மொழிபெயர்ப்பு எழுத 45 பாலம் கட்டணும், 20 இருந்தா 190. நடுவுல ஒரு பொது மொழி இருந்தா 10க்கு 10 பாலம், 20க்கு 20 பாலம், அவ்ளோதான். இந்த நடு மொழியத்தான் ஷேர்ட் ஆன்டாலஜின்னு சொல்றாங்க.

அதுக்கான பெரிய முயற்சி இண்டஸ்ட்ரியல் ஆன்டாலஜீஸ் ஃபவுண்ட்ரி, சுருக்கமா ஐஓஎஃப். 2016ல நிஸ்ட்ல நடந்த கூட்டத்துல இருந்து கிளம்பினது. மருத்துவ உயிரியல்காரங்க ஜீன் ஆன்டாலஜின்னு 1998லேயே ஆரம்பிச்சு பொதுவா எழுதப் பழகிட்டாங்க, அதே வழியில உற்பத்தித் துறைக்கும் போகலாம்னு யோசனை. அடுக்கு மூணு:

1. மேல, எந்தத் துறைக்கும் பொதுவான பிஎஃப்ஓ (பேசிக் ஃபார்மல் ஆன்டாலஜி). நான் மேல சொன்ன இருக்கறது, நடக்கறதுங்கற பிரிவு இங்கிருந்துதான் வருது. அமெரிக்காவுல பஃபலோ பல்கலைக்கழகத்துல இருக்கற பேரி ஸ்மித்ங்கற தத்துவப் பேராசிரியரோட கைவண்ணம், 2021ல ஐஎஸ்ஓ/ஐஇசி 21838ன் ரெண்டாம் பாகமா ஸ்டாண்டர்டு ஆச்சு. மொத்தம் 40க்குக் குறைவான வகைகள்தான், ரொம்பச் சின்னது.
2. நடுவுல ஐஓஎஃப் கோர். உற்பத்தித் துறை முழுக்கப் பொதுவான மெட்டீரியல், பிளான், சப்ளையர் மாதிரி சொற்கள். 2022ல வெளியாச்சு, காசு இல்லாம டவுன்லோட் பண்ணலாம்.
3. கீழ மெயின்டெனன்ஸ், சப்ளை செயின்னு தனித்தனித் துறைக்கான ஆன்டாலஜிகள்.

நேரம் ஏன் இவ்ளோ பிடிக்குதுன்னு கேட்டா, இது ப்ரோக்ராம் எழுதற வேலை இல்ல, பஞ்சாயத்து. 'பேட்ச்'ங்கற ஒரு வார்த்தைக்கே மருந்து கம்பெனி ஒரு அர்த்தம் சொல்லும், இரும்பு உருக்கி ஊத்தற ஃபவுண்ட்ரி ஒரு அர்த்தம் சொல்லும். ஒருத்தருக்கு ஒரு தடவை ரியாக்டர்ல ஏத்தி இறக்கினது பேட்ச், இன்னொருத்தருக்கு ஒரே ஹீட்ல ஊத்தினதெல்லாம் பேட்ச், மூணாவது ஆளுக்கு ஒரே டெலிவரி சலான்ல அனுப்பினது பேட்ச். யாரும் தன்னோட வார்த்தைய விட்டுக்கொடுக்க மாட்டாங்க, கொடுத்தா அவங்க பழைய ரெக்கார்டெல்லாம் மாத்தணுமே. அதனால வார்த்தைய விட்டுட்டு, மூணுக்கும் மூணு தனி ஐடி குடுத்து, யார் எத என்ன பேர்ல கூப்பிடறாங்கன்னு பக்கத்துல எழுதி வெக்கறதுதான் நடைமுறைக்கு ஒத்து வருது.

இஎன் 8ம் சி45ம் ஒன்னா?

பொருத்தறதுலயும் ஒரு ஆபத்து இருக்கு. ஷாஃப்டுக்கு இஎன் 8ங்கற ஸ்டீல் ரகம் கிடைக்கலன்னா சி45 போடறதும், 1045 போடறதும் பட்டறையில வழக்கம், "எல்லாம் ஒன்னுதான்"னு கடைக்காரரும் சொல்வார். இஎன் 8ல கார்பன் சுமார் 0.36ல இருந்து 0.44, சி45ல 0.42ல இருந்து 0.50. கொஞ்சம் ஒன்னு மேல ஒன்னு ஏறி நிக்குது, அவ்ளோதான், ஒன்னு இல்ல. ஹார்டனிங் பண்ண வேண்டிய பார்ட்டுன்னா இந்த வித்தியாசம் கடினத்துல தெரியும். ஆன்டாலஜியில 'ரெண்டும் ஒன்னே'ன்னு ஒரு கோடு போட்டுட்டா, இஎன் 8 பத்தி எழுதின டெஸ்ட் ரிசல்ட் அத்தனையும் சி45க்கும் பொருந்தும்னு மெஷின் எடுத்துக்கும். அதுக்குத்தான் 'அதேதான்'ங்கற உறவு வேற, 'கிட்டத்தட்ட'ங்கற உறவு வேறன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. சோம்பேறித்தனத்துல எல்லாத்துக்கும் 'அதேதான்' போட்டு வெச்ச மேப்பிங், ஒன்னும் போடாததவிட மோசம்.

இப்போ ஏன் இவ்ளோ பேச்சு

காரணம் சட்டம். ஐரோப்பிய யூனியனோட எக்கோடிசைன் சட்டம் 2024 ஜூலை 18ல இருந்து அமலுக்கு வந்திருக்கு, பொருளுக்குப் பொருள் டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட் கொண்டு வர்றது அதுல ஒரு பகுதி. முதல்ல வர்றது பேட்டரி, அதுக்குத் தனிச் சட்டம்: 2027 பிப்ரவரி 18ல இருந்து அங்க விக்கற எலக்ட்ரிக் வண்டி பேட்டரி, 2 கிலோவாட்-ஹவருக்கு மேல இருக்கற தொழிற்சாலை பேட்டரி எல்லாத்துக்கும் பாஸ்போர்ட் வேணும். அங்க இருக்கற கம்பெனி அத நிரப்பணும்னா அவங்க சப்ளையரக் கேப்பாங்க, அவர் தன்னோட சப்ளையரக் கேப்பார், அப்படியே இறங்கி வந்து புதுச்சேரி பக்கம் திருபுவனையிலயோ மேட்டுப்பாளையம் எஸ்டேட்டுலயோ ஒரு ஷெட்டுல வந்து நிக்கும், "ரீசைக்கிள் பண்ண மெட்டீரியல் எத்தனை பர்சென்ட்"னு ஒரு எக்ஸெல் காலமா. எடையிலயா, மதிப்புலயா, நம்ம ஷெட்டுலயே மிஞ்சின ஸ்கிராப்ப திரும்ப உருக்கினா அதுவும் ரீசைக்கிளா, எதுவும் அந்த எக்ஸெல் காலத்துல எழுதியிருக்காது.

ஜெர்மன்காரங்க பக்கம் அசெட் அட்மினிஸ்ட்ரேஷன் ஷெல்னு ஒன்னு நடக்குது, ஐஇசி 63278. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு டிஜிட்டல் கவர், உள்ள இருக்கற ஒவ்வொரு தகவலுக்கும் இது எதக் குறிக்குதுன்னு ஒரு பொது அகராதிய நோக்கி ஒரு ஐடி. இது ஐஓஎஃப் அளவுக்கு விதி எழுதற வகை இல்ல, ஆனா கைக்கு சீக்கிரம் எட்டற வகை.

இந்தப் பாரம் கடைசியில சின்ன யூனிட்டு மேல விழறதுதான் எனக்கு நியாயமா படல. அகராதி பெரிய கம்பெனியும் ஆராய்ச்சி நிலையமும் உக்காந்து எழுதறாங்க, பலன் அவங்க டேஷ்போர்டுல தெரியுது, டேட்டா அடிக்கற வேலை மட்டும் நாலு பேர் வேலை பாக்கற ஷெட்டுக்கு. அந்தக் கூட்டங்கள்ல உக்கார ஜாப் ஒர்க் பண்றவருக்கு ஏது நேரம்?

ஒரு சின்ன யூனிட் என்ன பண்ணலாம்

ஆன்டாலஜி எழுத உக்கார வேணாம், யாராவது அத விக்க வந்தா கொஞ்சம் யோசிங்க. அதுக்கு முன்னாடி செய்யக்கூடியது:

1. அளவோட யூனிட்ட காலத்துக்குப் பேரா எழுதாம தனி காலமா வெய்யுங்க. 'எடை' ஒரு காலம், 'கிலோவா டன்னா' பக்கத்து காலம்.
2. டவுன்டைம், ரிஜெக்ஷன், ரீவொர்க், பேட்ச் இந்த நாலுக்கு மட்டுமாவது, எப்போ கடிகாரம் ஓட ஆரம்பிக்குது, எப்போ நிக்குதுன்னு ஒரு பக்கத்துல எழுதி, ரிப்போர்ட்டோட சேர்த்தே கஸ்டமருக்கு அனுப்புங்க. 73 பர்சென்ட்டுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு அப்போதான் அவருக்குத் தெரியும்.
3. பார்ட் நம்பருக்குள்ள அர்த்தத்த ஒளிச்சு வெக்காதீங்க. மூணாவது எழுத்து மெட்டீரியல், அஞ்சாவது எழுத்து கஸ்டமர்னு வெச்ச நம்பர், கஸ்டமர் மாறின அன்னிக்குப் பொய் சொல்ல ஆரம்பிச்சுடும்.
4. புது சாஃப்ட்வேர் வாங்கும்போது டேட்டாவ வெளிய எடுக்க முடியுமா, ஒவ்வொரு காலத்துக்கும் வெளியில இருக்கற அகராதியோட ஐடி ஒட்ட இடம் இருக்கான்னு கேட்டுடுங்க. கலர் கலரா கிராஃப் வருதான்னு அப்புறம் பார்த்துக்கலாம்.

மொழியப் பத்தி ஒரு பயம் பலருக்கு இருக்கு, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே, நம்ம ஆப்பரேட்டர் எப்படி அடிப்பார்னு. இங்க ஆன்டாலஜி நம்ம பக்கம்தான். அதுல ஒரு பொருளோட அடையாளம் அதோட ஐடிதான், பேர் இல்ல. ஒரே ஐடிக்கு எத்தனை மொழியிலயும் எத்தனை பேர் வேணும்னாலும் மொழிக் குறியோட ஒட்டலாம். ஐஓஎஃப் ஃபைல தொடாம, அதப் பார்த்து இழுத்துக்கற ஒரு தனி ஃபைல்ல 'டர்னிங்'குக்கு நேரா 'கடைசல்'னு எழுதி வெச்சா, ஆப்பரேட்டர் ஸ்க்ரீன்ல கடைசல்னு தெரியும், ஜெர்மனியில இருக்கறவர் ஸ்க்ரீன்ல அவர் மொழியில தெரியும், நடுவுல போற ஐடி ஒன்னுதான். அதுக்கு எந்தக் கமிட்டியோட அனுமதியும் வேணாம், ஷாப் ஃப்ளோர்ல என்ன பேர் சொல்றாங்கன்னு போய்க் கேட்டு எழுத ஒரு ஆள் வேணும்.